தலையாட்டும் கருவி, தலையாட்டப் பழகிய மனிதர்: அறிவுசார் குறைபாடும் செயற்கை நுண்ணறிவும்

பார்வையற்றவருக்குப் படத்தை விவரித்துச் சொல்லும் செயலி, காது கேளாதவருக்குப் பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலி. இவற்றின் பயன் சொன்னதுமே விளங்கிவிடும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஏஐ என்று வரும்போதுதான் செய்திகள் மங்கலாகின்றன. ‘சிறப்புக் குழந்தைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே எந்தக் கருவி, என்ன வேலை செய்கிறது, யார் பயன்படுத்துகிறார் என்ற விவரம் இருக்காது. பெற்றோர் குழம்புகிறார்கள். சிறப்பாசிரியர்களில் ஒரு பகுதியினர் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள், இன்னொரு பகுதியினர் எல்லாம் விளம்பரம் என்று ஒதுக்குகிறார்கள்.

கருவி எதைச் செய்கிறது, எங்கே வழுக்குகிறது, சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்னமும் நடக்கிறது. மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையில் குறையலாம். அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே தொடங்குவது. மருந்து கொடுத்துப் போக்க முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன.

சட்டத்தின் வரையறைக்கு இரண்டு கால்கள். பகுத்தறிதல், கற்றல், சிக்கலைத் தீர்த்தல் ஆகியவற்றில் கணிசமான வரம்பு இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் அதே அளவு வரம்பு இருக்க வேண்டும். முதலாவதை ஐக்யூ சோதனை அளக்கிறது. சட்டைப் பொத்தான் போடுவது, கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்குவது, தனியாக பஸ் ஏறுவது போன்ற இரண்டாவதை இங்கே பெரும்பாலும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் இப்படி சுமார் 15 லட்சம் பேரைப் பதிவு செய்தது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் லேசான பிரிவில் வருபவர்கள். பேசுவார்கள், சிறு வேலைக்குப் போவார்கள், கையில் போன் வைத்திருப்பார்கள். ஏஐ பற்றிய பேச்சில் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். எல்லாச் செய்திப் படத்திலும் டேப்லெட் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைதான்.

இன்னொரு அடிப்படை. அமெரிக்காவில் இந்தத் துறையின் பழைய தொழில்முறைச் சங்கம் 1992இல் தன் கையேட்டைத் திருத்தியபோது, ‘இவருக்கு எவ்வளவு ஐக்யூ’ என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, ‘இவருக்கு எந்த இடத்தில், எவ்வளவு ஆதரவு தேவை’ என்ற கேள்வியை முன்னால் வைத்தது. ஒருவருடைய திறனுக்கும், சூழல் அவரிடம் கேட்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்புவதுதான் ஆதரவு. ஏஐ கருவியையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்: எந்த இடைவெளியை நிரப்புகிறது?

கருவி செய்யக்கூடிய வேலைகள்

நடைமுறையில் நான்கு.

1. கடினமான எழுத்தை எளிய எழுத்தாக்குவது.
2. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துத் தருவது.
3. தெளிவில்லாத பேச்சைப் புரிந்துகொள்வது.
4. பேச்சு வராதவருக்குப் பேச்சைத் தருவது.

முதல் வேலையில் ஜெர்மனி ரொம்ப தூரம் போயிருக்கிறது. அங்கே ‘எளிய மொழி’ என்று தனி எழுத்து முறையே உண்டு: சிறு வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி, சுருக்கக் குறியீடுகள் கிடையாது, பக்கத்தில் படம். மத்திய அரசின் இணையதளங்கள் தங்களைப் பற்றிய அடிப்படைத் தகவல்களை இந்த மொழியிலும் தர வேண்டும் என்று 2011இல் விதி வந்தது. அதற்கு ஆட்கள் போதாததால், ஏஐ கொண்டு மாற்றித் தரும் நிறுவனங்கள் முளைத்தன. முனிச்சின் ‘சம் ஏஐ’ ஒன்று, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ‘கேபிட்டோ’ இன்னொன்று. ஆனால் அந்த எழுத்து முறையை வளர்த்தவர்கள் வைத்த ஒரு நிபந்தனை உண்டு: வெளியிடும் முன், கற்றல் சிரமம் உள்ளவர்களே அதைப் படித்துப் பார்த்து ‘புரிகிறது’ என்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்கு ஏஐ மாற்றாகாது. புரிகிறதா என்று அதனால் ஊகிக்கத்தான் முடியும்.

தமிழில் இதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இப்படி ஓர் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம்:

‘மேற்படி திட்டத்தின் கீழ் பராமரிப்பு உதவித்தொகை பெற்றுவரும் பயனாளிகள், வாழ்நாள் சான்றினை உரிய அலுவலரிடம் பெற்று, குறித்த காலத்திற்குள் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படும்.’

எளிமையாக்கச் சொன்னால் கருவி இப்படித் தரக்கூடும்:

‘உங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் வருகிறது.
அது தொடர்ந்து வர ஒரு சான்று வேண்டும்.
வி.ஏ.ஓ.விடம் போய் அந்தச் சான்றை வாங்குங்கள்.
இந்த மாதக் கடைசிக்குள் கொடுங்கள்.
கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.’

அழகாக இருக்கிறது. ஆனால் மூலத்தில் 2,000 ரூபாய் இல்லை, வி.ஏ.ஓ. இல்லை, மாதக் கடைசியும் இல்லை. ‘உரிய அலுவலர்’ யார் என்று அறிவிப்பு சொல்லவில்லை. எளிய மொழியோ ஆளையும் தேதியையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. இந்தப் பள்ளத்தைக் கருவி தன் ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. தொகை தமிழ்நாட்டில் தற்செயலாகச் சரியாக இருக்கலாம். தேதி தவறாக இருந்தால் ஒருவருடைய உதவித்தொகை நின்றுபோகும். நம் அலுவலகத் தமிழின் மூட்டத்தை விலக்குவது இயந்திரத்தின் வேலை என்று விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். எழுதும் அலுவலகமே ஆளையும் தேதியையும் எழுதினால்தான் எளிமையாக்க ஏதாவது இருக்கும்.

இரண்டாவது வேலையைச் சிறப்பாசிரியர்கள் பல பத்தாண்டுகளாகக் கையால் செய்துவருகிறார்கள். ‘காப்ளின் டூல்ஸ்’ போன்ற இலவசத் தளங்கள் அதை நொடியில் செய்கின்றன. அங்கே அளவைக் காட்டும் மிளகாய்ப் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் படிகள் இன்னும் நுணுக்கமாகும். ‘சாதம் வை’ என்று கேட்டால் பத்துப் படி வந்துவிடும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட ஆள் எந்தப் படியில் தடுமாறுவார் என்பது அதற்குத் தெரியாது. ‘மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கவும்’ என்பது நமக்கு ஒரு படி. எண்ணிக்கை நினைவில் நிற்காதவருக்கு அங்கேதான் மொத்த வேலையும் சிக்கும். அனுபவமுள்ள ஆசிரியர் மூன்று துணிக் கிளிப்புகளை ஒரு கம்பியில் மாட்டி, விசிலுக்கு ஒன்றாகக் கழற்றச் சொல்வார். கம்பி காலியானால் அடுப்பை அணைக்கலாம். ஆசிரியர் இந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு ஏஐ நன்றாகவே உதவும். அந்த வீட்டு அடுப்பின் படத்தோடு படிகளை எழுதித் தரும், குரலிலும் சொல்லும்.

மூன்றாவது, பேச்சைப் புரிந்துகொள்வது. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ளவர்களுக்கு வாயின் உள்ளிடம் சிறியது, தசைகள் தளர்வானவை. அதனால் உச்சரிப்பு வேறுபடும். குரல் உதவியாளர்கள் பழகியதெல்லாம் பெரும்பாலும் வழக்கமான பேச்சில்தான். இதைச் சரிசெய்ய கூகுள் 2019இல் ‘யூஃபோனியா’ திட்டத்தை அறிவித்தது. 2022இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தின் ஆதரவோடு, டவுன் சிண்ட்ரோம் உட்படப் பல நிலைகளில் உள்ளோரின் பேச்சைச் சேகரிக்கத் தொடங்கியது. தொடங்கியது ஆங்கிலத்தில். தமிழில் சென்னை எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் மூளை முடக்குவாதத்தால் பேச்சுக் குழறும் இருபது பேர் அளவிலானவர்களின் குரலைப் பதிவு செய்து ஒரு தொகுப்பு உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் பேச்சறியும் கருவிகளுக்கு ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சு தேவைப்படும் காலம் இது.

படம் வாக்கியமாகும் இடம்

நான்காவது வேலையில் நிதானிக்க வேண்டும்.

பேச்சு வராதவர்கள் படங்களைத் தொட்டுப் பேசும் கருவிகள் புதியவை அல்ல. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், சென்னை கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து 2010 வாக்கில் உருவாக்கிய ‘ஆவாஸ்’ அவற்றில் ஒன்று. வெளிநாட்டில் பல ஆயிரம் டாலருக்கு விற்ற கருவிகளின் வேலையை இங்குள்ள குடும்பங்களின் கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது அது. பழைய முறையில், தொட்ட படத்தின் சொல் மட்டும் ஒலிக்கும். இப்போது வரும் ஏஐ, தொட்ட இரண்டு மூன்று படங்களை வைத்து முழு வாக்கியத்தையும் அமைத்துப் பேசிவிடும். கேட்பவருக்குச் சுகம். பேசியவர் சொல்ல நினைத்தது அதுதானா?

ஒரு பெண் இரண்டு படங்களைத் தொடுகிறாள்: ‘அண்ணன்’, ‘அடி’. இதிலிருந்து எத்தனை வாக்கியங்கள் கிளைக்கும்?

- அண்ணன் என்னை அடித்தான்.
- அண்ணனை அடித்தேன்.
- அண்ணனுக்கு அடிபட்டது.
- அண்ணன் அடிப்பானோ என்று பயமாக இருக்கிறது.

யார் அடித்தது, யார் அடி வாங்கியது என்பதைத் தமிழில் வேற்றுமை உருபும் வினையின் விகுதியும்தான் சொல்லும். படத்தில் உருபு இல்லை. அதைச் சேர்ப்பது இயந்திரம். புள்ளியியல்படி அடிக்கடி வரும் வாக்கியத்தை எடுத்துப் பேசும். முதல் வாக்கியம் ஒரு புகார், இரண்டாவது ஒரு ஒப்புதல். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைச் சொல்ல இவளுக்கு இருக்கும் ஒரே வழி இந்தத் திரை என்றால், உருபைத் தீர்மானிப்பவர் கையில்தான் சாட்சியமும் இருக்கிறது.

இந்த ஆபத்துக்கு முன்னுதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘உதவியாளர் கைபிடித்து எழுதவைக்கும் முறை’ பரபரப்பாகப் பரவியது. பேச்சு வராதவரின் கையை உதவியாளர் தாங்கிப் பிடிப்பார், அவர் விசைப்பலகையில் தட்டுவார். பேசவே பேசாத பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். பிறகு சோதனை செய்தார்கள். இருவருக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டியபோது, தட்டப்பட்ட சொல் உதவியாளர் பார்த்த படத்தின் பெயராகவே இருந்தது. உதவியாளர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள்தான் எழுதுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. அதற்குள் இப்படி எழுதப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுகளால் சில குடும்பங்கள் நீதிமன்றம்வரை இழுக்கப்பட்டிருந்தன. வாக்கியத்தை நிரப்பும் ஏஐயும் கைபிடிக்கும் இன்னொரு உதவியாளர்தான்.

மாற்று வடிவமைப்பு சாத்தியம். அஜித் நாராயணனே 2013இல் முன்வைத்த ‘ஃப்ரீஸ்பீச்’ என்ற யோசனையில், யார், எதை, எப்போது என்ற கேள்விகளே படங்களை இணைக்கும் கயிறுகள். பதில் சொல்பவர் படம் தொடுபவர். இலக்கணம் அதற்குப் பிறகுதான் வரும். நான்கு வாக்கியங்களையும் படமாகக் காட்டி ‘இதில் எது? எதுவும் இல்லையா?’ என்று கேட்கும் கருவி மெதுவாகத்தான் பேசும். என் கணக்கில் அந்த மெதுவே அதன் தரம்.

இரண்டு ‘ஆமாம்’ சந்திக்கும்போது

பேச வருபவர்களுக்கு என்ன ஆபத்து? சாட்பாட்டோடு நேரடியாக உரையாட அவர்களால் முடியும். பலர் உரையாடவும் செய்கிறார்கள்; அது அலுத்துக்கொள்வதில்லை, கேலி செய்வதில்லை, அதே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறது. இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் 1981இல் கேரல் சிகல்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆமாம்-இல்லை கேள்விகள் கேட்டால், ஆமாம் பக்கம் சாய்வது மிக அதிகம் என்று அது காட்டியது. ஒன்றுக்கொன்று முரணான கேள்விகள் இரண்டுக்குமே ஆமாம் வந்தது. கேள்வி புரியாதது ஒரு காரணம். வாழ்நாள் முழுக்க ‘சொன்ன பேச்சு கேள்’ என்று வளர்க்கப்பட்டது இன்னொரு காரணம். மறுத்தால் திட்டு, தலையாட்டினால் சாக்லேட் என்று பழகிய பிள்ளை நாற்பது வயதிலும் தலையாட்டும்.

எதிரே இருக்கும் சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரிக்கும் இதே வியாதி. மனிதர்களுக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் கொடுத்துப் பயிற்றுவதால், அது கேட்பவரை ஆமோதிக்கப் பழகிவிடுகிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பை, அளவுக்கு மீறி ஜால்ரா அடிக்கிறது என்று சில நாட்களிலேயே திரும்பப் பெற வேண்டியிருந்தது.

‘நான் மாத்திரையை நிறுத்தலாம், இல்லையா?’, ‘ஆன்லைன் நண்பர் ஐயாயிரம் கேட்கிறார், அவர் நல்லவர்தானே?’ என்று கேள்வியே பதிலைத் தாங்கி வரும்போது, ஆமோதிக்கப் பழகிய கருவி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிப்படையான ஆபத்தை இன்றைய கருவிகள் ஓரளவு தடுக்கின்றன. நுட்பமானது தப்பிவிடுகிறது. கருவி ‘உங்களுக்கு இது சரியா?’ என்று கேட்க, அவர் ‘சரி’ என்று சொல்ல, அது சம்மதமாகப் பதிவாகிறது. ‘டீயா, காபியா, எதுவும் வேண்டாமா?’ என்று திறந்து கேட்டு, வரிசையை மாற்றி மறுபடி கேட்பது சிறப்பாசிரியர்களுக்குத் தெரிந்த எளிய உத்தி. அதை ஒரு செயலியில் எழுதிவைப்பது கடினமே இல்லை. ஆனால் வாங்குபவர்கள் கேட்டால்தானே எழுதுவார்கள்.

அரசு கணக்குப் போடும்போது: ஐடஹோ

இதுவரை பார்த்தது தனிமனிதர் கையில் உள்ள கருவி. உதவி யாருக்கு, எவ்வளவு என்று அரசே கணினியிடம் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் சாட்சி.

அங்கே அறிவுசார் குறைபாடும் வளர்ச்சிசார் குறைபாடுகளும் உள்ள பெரியவர்கள் நிறுவனங்களில் அடைபடாமல் சமூகத்தில் வாழ, மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் ஆளுக்கொரு ஆண்டு நிதியை ஒதுக்கியது. 2011 வாக்கில் அந்தத் தொகையைக் கணக்கிட ஒரு புதிய சூத்திரம் வந்தது. பலருக்கு நிதி திடீரென்று சரிந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு, சூத்திரம் வணிக ரகசியம் என்று பதில். 2012இல் ஏசிஎல்யு என்ற குடிமக்கள் உரிமை அமைப்பின் ஐடஹோ கிளை வழக்குப் போட்டது. நீதிமன்றம் ரகசியத்தைத் திறக்கச் சொன்னது. திறந்தால், உள்ளே இருந்தது எக்செல் தாள்! அதைத் தயாரிக்கத் திரட்டிய பதிவுகளில் பிழை மலிந்திருந்ததால் பெரும்பகுதியைத் தூக்கியெறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்துச் சூத்திரம் போட்டிருந்தார்கள். 2016இல் நீதிபதி இதை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்.

இதில் நவீன ஏஐ எதுவும் இல்லையே என்று கேட்கலாம். அதுதான் கவலை. திறந்து பார்க்க முடிந்த எக்செல் தாளை எதிர்க்கவே நான்கு ஆண்டுகள் ஆயின.

சட்டம் எங்கே நிற்கிறது

1. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை. 2006இல் நிறைவேறி, 2007இல் இந்தியா ஏற்றது. இதன் 12ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் சட்டத்தின் முன் முழு மனிதர்கள் என்கிறது. அவருக்குப் பதில் வேறொருவர் முடிவெடுப்பதை விட, அவர் முடிவெடுக்கத் துணைநிற்பதே முறை.

2. உச்ச நீதிமன்றம், 2009. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு கொண்ட பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றார். அவர் பிள்ளையைப் பெற விரும்பினார். உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, அவருடைய சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்றது.

3. ஐரோப்பிய ஏஐ சட்டம். வயது, மாற்றுத்திறன் போன்றவற்றால் வரும் பலவீனத்தைப் பயன்படுத்தி ஒருவரின் நடத்தையைத் திரித்துக் கணிசமான தீங்கு விளைவிக்கும் ஏஐ 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை.

4. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் 9ஆம் பிரிவு, சட்டபூர்வ காப்பாளர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவைப் பயன்படுத்தக் காப்பாளரின் சம்மதத்தைக் கேட்கிறது, குழந்தைகளுக்குப் பெற்றோரிடம் கேட்பது போலவே. ஆனால் அதே பிரிவு குழந்தைகளுக்குத் தரும் காப்புகளை, அதாவது பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்பவற்றை, இவர்களுக்குத் தரவில்லை. கட்டுப்பாட்டில் குழந்தை, பாதுகாப்பில் பெரியவர். அப்பா காப்பாளராக நியமிக்கப்பட்ட முப்பது வயதுக்காரர் ஒரு செயலியில் கணக்குத் தொடங்க அவரைக் கேட்க வேண்டும். தொடங்கிய பிறகு அந்த மகனின் பலவீனத்தைப் பார்த்து விளம்பரம் அனுப்ப இந்தப் பிரிவில் தடையில்லை.

இதில் ஒரு நடைமுறை நுட்பம்: 9ஆம் பிரிவு காப்பாளர் நியமிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான். பெற்ற மகனே ஆனாலும், 18 வயது நிறைந்தால் பெற்றோர் தானாகச் சட்டபூர்வ காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு நியமிக்க வேண்டும். செயலி கேட்கிறதே என்று அவசரப்பட்டுக் காப்பாளர் ஆணை வாங்கிவிட்டால், அந்த மகன் இதுவரை தானே போட்டுவந்த கையெழுத்துக்கும் கேள்வி வரும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இதைச் செய்தபோது அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்திப் பார்த்தார்களா? பெற்றோர் கருத்து மட்டும் போதாது.
2. ‘வேண்டாம்’, ‘புரியவில்லை’, ‘நீ சொன்னது தப்பு’ ஆகிய மூன்றும் முதல் திரையிலேயே இருக்கின்றனவா? மூன்று தட்டுக்குப் பின்னால் இருந்தால் இல்லாததற்குச் சமம்.
3. கருவி தானாகச் சேர்த்த சொற்களை வேறு நிறத்தில் காட்டுகிறதா?
4. தமிழில் பேசும்போது ‘செல்லவும்’ என்கிறதா, ‘போங்க’ என்கிறதா? வீட்டில் காதால் கேட்டே மொழி பழகியவருக்கு எழுத்துத் தமிழ் இன்னொரு தடை.
5. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்கிறோம் என்றால் விலகிவிடலாம். முக அமைப்பே வேறுபடும் டவுன் சிண்ட்ரோமில் அதன் கணிப்புக்கு என்ன மதிப்பு? ஐரோப்பாவில் பள்ளிகளிலும் பணியிடங்களிலும், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்குத் தவிர, இது தடை.
6. சந்தா நின்றால் என்ன ஆகும்? பேச்சுக் கருவியில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த படங்களும், சொற்களும், உறவினர் பெயர்களும் அவருடைய பேச்சு. அவற்றை வேறு கருவிக்கு எடுத்துச் செல்லும் வசதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.